கேஸ் போகவில்லை

எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்:
கேஸ் போயிடுச்சி சார்.
ஏதோ வீட்டில் கோபித்துக்கொண்டு
பெட்டியோடு கிளம்பிவிட்ட மாதிரி.

டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்,
கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று தூங்கும் சாலையில்
கிளாடிஸ் கூல் பார்.
வெயில் எல்லாரையும் வியர்க்கவைத்திருந்தது,
கண்ணாடிக் கதவுக்குள் நின்ற பாட்டில்களைத் தவிர.
கோலா, ஆரஞ்சு, ஓரத்தில் நாலு பன்னீர் சோடா.
கம்பெனிப் பெட்டியில் பன்னீர் சோடா இருக்கக் கூடாது.
நான் பார்க்கவில்லை.

"மூணு நாளா வெதவெதன்னு கீது.
முன்னாடி வந்தவன் கேஸ் அடிக்கணும்,
ரெண்டாயிரத்தி ஐநூறுன்னான்."

நான் முதலில் காதைத்தான் வைப்பேன்.
கம்ப்ரஸர் எழப் பார்த்தது, முனகியது,
டக்கென்று விட்டுவிட்டது.
மூன்று நிமிடம் கழித்து மறுபடி முனகல், மறுபடி டக்.
மீட்டரில் நூற்று எழுபத்திரண்டு.
எதிர்ப் பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம்
இங்கே இதற்கு மூச்சு வாங்குகிறது.
ஸ்டெபிலைசர்?
"எங்க அண்ணன் ஏசிக்கு எடுத்துகினு போனான்."

கீழ்த் தகட்டைக் கழற்றினேன்.
கண்டென்ஸரைக் காணோம், ஒரு கம்பளி இருந்தது:
லாரிப் புழுதி, உப்பு, பூனை முடி,
ஒரு ஸ்ட்ரா, எப்படியோ மீன் செதில்.
பெயின்ட் பிரஷால் வாரி எடுத்தேன்.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.
மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவிக் காத்திருந்தேன்.
ஒரு குமிழி எழவில்லை.
கேஸ் உள்ளேதான் இருக்கு அக்கா,
எங்கேயும் போகலை.

பிறகு கதவு.
பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுக்க வேண்டும்.
இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நல்லது.
சம்பளப் பணம் போகிற மாதிரி
வழுக்கிக்கொண்டு வந்தது நோட்டு.
நாளைக்கு நாற்பது பாட்டில் விற்கிற கடையில்
ஒரு கதவு இவ்வளவு தேயாது.

உள்ளே காற்றாடியை ஐஸ் கவ்வியிருந்தது.
ராத்திரி வோல்டேஜ் ஏறும்போது மட்டும் ஓடி
வெறியோடு உறைந்திருக்கிறது.
தெர்மோஸ்டாட் குமிழ் ஏழில்.
ஐஸைக் குத்தக் கூடாது;
ஸ்க்ரூடிரைவர் பட்டால் அப்போதுதான்
நிஜமாகவே கேஸ் போகும்.
ஸ்விட்சை அணைத்து, டேபிள் ஃபேனை முன்னால் வைத்து,
பாட்டில்களை இறக்கச் சொன்னேன்.

கீழ்த்தட்டில், கோலாவுக்குப் பின்னால்
ஒரு ஐஸ்கிரீம் டப்பா.
அதற்குள் பதினொரு இன்சுலின் குப்பிகள்.
பிளாஸ்திரியில் பேனாவால் பெயர்:
ரெஜினா. டெய்லர் கஸ்தூரி. பாஷா பாய்.
லோகு, காலையில மட்டும்.

"ஃப்ரிட்ஜ் இல்லாதவங்கோ.
காலைல ஆறுக்கு வருவாங்கோ, ராவுல எட்டுக்கு."

சர்க்கரையும் சர்க்கரைக்கு மருந்தும்
ஒரே தட்டில்.
ரப்பர் தேய்ந்த கணக்கு சரியாக வந்தது.

பின்சுவரை ஒட்டிக் கிடந்த இரண்டை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உறைந்திருந்தன.
இதைப் போடக் கூடாது அக்கா. இளகினாலும் கூடாது.
மற்றதை ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்க,
நான் மெக்கானிக்.
அவள் பெயர்களைப் படித்தாள்.
"பாஷா பாய்க்கு நேத்து முன்னூத்தி எண்பது" என்றாள்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடியது.
"நல்லா குளிரட்டும்னுதான் ஏழுல வச்சேன்."

ஐஸ் சொட்டி முடிய இரண்டு மணி நேரம்.
ரப்பரை வெந்நீரில் நனைத்து நீவி, வாசலின் தடவினேன்.
வண்டியிலிருந்த பழைய ஸ்டெபிலைசரை மாட்டினேன்.
குமிழை மூன்றில் நிறுத்தி
அவளுடைய நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.
டப்பாவை நடுத்தட்டுக்கு, சுவர் படாமல்.
கம்ப்ரஸர் ஒரு முறை முனகி
அப்புறம் விடவே இல்லை.

கம்பெனித் தாளில் ஒன்பதாவது கட்டம்:
பெட்டியில் வேறு பொருட்கள் உள்ளனவா?
எழுதினேன்:
ஆம். பன்னீர் சோடா, நான்கு. எச்சரிக்கப்பட்டது.

அதில் ஒன்றை உடைத்து நீட்டினாள்.
இன்னும் வெதவெதப்பாகத்தான் இருந்தது.
குடித்தேன்.